ஓட்டுப் போடாவிட்டாலும் அது ஓட்டுதான்

கேள்வி:

வணக்கம் ஐயா. மில்வாக்கிக்கு மேற்கே ஒரு ஸ்கூல் டிஸ்ட்ரிக்டில், சிறப்புக் கல்வி வகுப்பில் மூன்று வருடமாக பாராவாக (ஆசிரியருக்கு உதவும் ஊழியராக) வேலை பார்க்கிறேன். அதற்கு முன் நியூ ஜெர்சியில் இருந்தோம். கிரீன் கார்டு இருக்கிறது. அடுத்த வருடம் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம் என்று இருக்கிறோம்.

நவம்பரில் யூனியன் நீடிக்கலாமா என்று கேட்கும் மறுஅங்கீகார ஓட்டு இருக்கிறதாம், போனிலேயே போடலாமாம். கூட வேலை செய்யும் ஒரு அம்மா இரண்டு தடவை வந்து சொல்லிவிட்டார். நான் யூனியனில் சேரவில்லை, சந்தாவும் கட்டவில்லை. எனக்கு ஓட்டு உண்டா? குடியுரிமை வருவதற்கு முன் எந்த ஓட்டும் போடக்கூடாது, போட்டால் நாடு கடத்திவிடுவார்கள் என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். என் கணவர் "எதிலும் தலையிடாதே" என்கிறார். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் அப்பாவோ, "யூனியன் தேர்தலில் ஓட்டுப் போடாமல் இருப்பதா?" என்று வீடியோ காலில் சத்தம் போடுகிறார். ஃப்ளோரிடாவில் டீச்சராக இருக்கும் என் தங்கை, "அறுபது சதவீதம் பேர் சந்தா கட்டினால் தேர்தலே வேண்டாமே" என்கிறாள். போன வாரம் எங்கள் பிரின்சிபால் வேறு, "இந்த ஓட்டில் என்ன செய்யப் போகிறாய்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. இரண்டு பக்கமும் சேராமல் பேசாமல் இருந்துவிடலாம் அல்லவா?

(பெயர் வெளியிட வேண்டாம், விஸ்கான்சின்)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைசி வரியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்றதெல்லாம் அதில்தான் தொங்குகிறது. இரண்டு பக்கமும் சேராமல் பேசாமல் இருக்கும் ஓர் இடம் இந்தத் தேர்தலில் இல்லை. விஸ்கான்சின் சட்டப்படி, ஓட்டுப் போடாதவரும் 'வேண்டாம்' என்று போட்டவரும் கணக்கில் ஒன்றுதான்.

எப்படி என்று பாருங்கள். உங்கள் டிஸ்ட்ரிக்டில் பாராக்கள் எல்லோரும் சேர்ந்த பிரிவில் 84 பேர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். யூனியன் நீடிக்க வேண்டுமானால், அந்தப் பிரிவில் உள்ள அத்தனை பேரிலும் 51 சதவீதத்தினர் 'வேண்டும்' என்று போட வேண்டும். விழுந்த ஓட்டில் 51 சதவீதம் போதாது. 84ல் 51 சதவீதம் 42.84. அரை ஆள் ஓட்டுப் போட முடியாதே, ஆக 43 பேர் வேண்டும். 60 பேர் ஓட்டுப் போட்டு, அதில் 42 பேர் வேண்டும், 18 பேர் வேண்டாம் என்றால் என்ன ஆகும்? விழுந்த ஓட்டில் 70 சதவீதம் யூனியனுக்கு. நம் ஊர்ச் சட்டமன்றத் தேர்தலில் இப்படி ஜெயித்தவரைத் தோளில் தூக்கி ஊர்வலம் போவார்கள். இங்கே யூனியன் தோற்றுவிட்டது. தோற்கடித்தவர்கள் எதிராக ஓட்டுப் போட்ட 18 பேர் மட்டுமில்லை. குழந்தைக்குக் காய்ச்சல் என்று மறந்துபோனவர், ஓட்டுப் போடும் போன் எண்ணைத் தொலைத்தவர், "நமக்கெதற்கு வம்பு" என்று இருந்தவர் என 24 பேர் அவர்களோடு சேர்ந்துதான் தோற்கடித்தார்கள்.

உங்கள் கணவர் சொல்லும் "தலையிடாதே" என்பது அவர் நினைக்கிற மாதிரி ஒதுங்கி நிற்பது இல்லை. அதுவும் ஒரு பக்கம் சாய்வதுதான். உங்களுக்கு யூனியன் வேண்டாம் என்றால் தாராளமாக அப்படியே செய்யலாம். அது உங்கள் உரிமை. ஆனால் தெரிந்து செய்யுங்கள்.

கூட வேலை செய்யும் அந்த அம்மா ஏன் இரண்டு தடவை வந்தார் என்பதும் இப்போது புரியும். உங்களை யூனியனில் சேர்க்க அவர் அலையவில்லை. அவருக்குத் தேவை எண்ணிக்கை. மூன்றாவது தடவையும் வருவார், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அடுத்தது உங்களுக்கு ஓட்டு உண்டா என்பது. உண்டு. சந்தா கட்டுகிறீர்களா என்பதை யாரும் கேட்பதில்லை. அந்தப் பிரிவில் வேலை செய்பவர் என்று டிஸ்ட்ரிக்ட் அனுப்பும் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா என்பது ஒன்றுதான் தகுதி. யூனியன் அங்கீகாரம் பெற்றிருக்கும்வரை, உறுப்பினர் அல்லாதவர்களுக்கும் சேர்த்துத்தான் அது பேச வேண்டும். அதனால் ஓட்டும் எல்லோருக்கும். 'வேண்டும்' என்று போட்டதால் நீங்கள் உறுப்பினர் ஆகிவிட மாட்டீர்கள், சம்பளத்திலிருந்து ஒரு டாலரும் குறையாது. உங்களைப் போன்ற ஊழியர்களின் சம்பளத்திலிருந்து சந்தா பிடிப்பதையே இந்த மாநிலத்தில் சட்டம் தடுத்திருக்கிறது. ஊழியரே விரும்பிக் கேட்டாலும் டிஸ்ட்ரிக்ட் பிடித்துக் கொடுக்க முடியாது. உறுப்பினர்கள் தங்கள் வங்கிக் கணக்கிலிருந்துதான் கட்டுகிறார்கள். தேர்தல் செலவும் உங்கள் தலையில் விழாது. பிரிவின் அளவைப் பொறுத்து 200 டாலரிலிருந்து 2,000 டாலர்வரை யூனியன்தான் தேர்தலை நடத்தும் மாநில ஆணையத்துக்குக் கட்டணம் செலுத்துகிறது. தன்னை நீக்கலாமா என்று கேட்கும் தேர்தலுக்குத் தானே ஆண்டுதோறும் பணம் கட்ட வேண்டும். இதை முதன்முதலில் சட்டப் புத்தகத்தில் படித்தபோது நான் இரண்டாவது முறையும் படித்துப் பார்த்தேன்.

குடியுரிமை பற்றிய பயத்துக்கு வருகிறேன். அந்தப் பயம் சும்மா வந்ததில்லை. அமெரிக்கக் குடிமகன் அல்லாதவர் கூட்டரசுத் தேர்தலில் ஓட்டுப் போடுவதை 1996ல் கொண்டுவந்த சட்டம் குற்றமாக்கியது. தகுதியில்லாமல் அரசுத் தேர்தல்களில் ஓட்டுப் போடுவது நாடு கடத்தலுக்கும் காரணமாகலாம். அந்த எச்சரிக்கையைச் சொன்னவர்கள் உங்களுக்கு நல்லதுதான் செய்தார்கள். ஆனால் அந்த விதிகள் பேசுவது அதிபர், செனட்டர், ஆளுநர், மேயர் போன்ற பதவிகளுக்கு நடக்கும் அரசுத் தேர்தல்களை. யூனியன் தேர்தல் ஒரு வேலையிடத்துக்குள் நடப்பது. அதை மாநில ஆணையம் நடத்துவதால் அது அரசியல் தேர்தல் ஆகிவிடாது. அதில் ஓட்டுப் போடக் குடியுரிமை தேவையில்லை. கிரீன் கார்டில் இருப்பவர், வேலை விசாவில் வந்த ஆசிரியர் என்று யாராக இருந்தாலும் பட்டியலில் பெயர் இருந்தால் ஓட்டு உண்டு.

இப்போது உங்கள் தங்கை. அவர் சொன்னது தவறில்லை. அது ஃப்ளோரிடாவின் கதை. இந்த நாட்டில் பெரும்பாலான தனியார் நிறுவன ஊழியர்களுக்கு 1935ல் வந்த ஒரே கூட்டரசுச் சட்டம் இருக்கிறது. மாநில, உள்ளாட்சி ஊழியர்களை அந்தச் சட்டம் சேர்த்துக்கொள்ளவில்லை. ஆகவே பள்ளி ஊழியர், நகராட்சி ஊழியர் விஷயத்தில் ஒவ்வொரு மாநிலமும் தன் இஷ்டத்துக்குச் சமைக்கிறது. ஃப்ளோரிடாவில் 2023ல் வந்த சட்டப்படி, பிரிவில் சந்தா கட்டுவோர் 60 சதவீதத்துக்குக் கீழே போனால்தான் யூனியன் மறுஅங்கீகாரத்துக்கு மனுப் போட வேண்டும். அயோவாவில் 2017லிருந்து ஒவ்வோர் ஒப்பந்தமும் முடிவதற்கு முன் தேர்தல். அங்கேயும் பிரிவில் உள்ள மொத்தப் பேரில் பாதிக்கு மேல் வேண்டும், வராதவர் 'வேண்டாம்' பக்கம்தான். விஸ்கான்சினில் சந்தா கணக்கும் இல்லை, ஒப்பந்தக் கணக்கும் இல்லை. ஆண்டுக்கு ஒரு முறை, கட்டாயம். தனியார் நிறுவனத்தில் வேலை செய்யும் உங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்கு இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. அங்கே விழுந்த ஓட்டில் பெரும்பான்மை போதும், ஒரு முறை ஜெயித்தால் யாராவது எதிர்த்து மனுப் போடும்வரை மறுபடி தேர்தல் வராது.

ஏன் இங்கே மட்டும் இப்படி என்று உங்கள் அப்பா கேட்பார். வேடிக்கை என்னவென்றால், அரசு ஊழியர்கள் கூட்டாகப் பேரம் பேசும் உரிமையை அமெரிக்காவில் முதலில் சட்டமாக்கிய மாநிலம் விஸ்கான்சின்தான், 1959ல். அரசு ஊழியர்களின் மிகப் பெரிய தேசிய யூனியன்களில் ஒன்று 1930களில் மாநிலத் தலைநகரான மேடிசனில்தான் முளைத்தது. அதே மேடிசனில் 2011 பிப்ரவரியில், புதிதாகப் பதவியேற்ற ஆளுநர் ஸ்காட் வாக்கர் பட்ஜெட் பழுதுபார்ப்பு என்ற பெயரில் ஒரு மசோதா கொண்டுவந்தார். மாநிலத் தலைமைச் செயலகக் கட்டடத்துக்குள்ளேயே மக்கள் வாரக்கணக்கில் படுத்துக் கிடந்தார்கள். அவையில் கோரம் (கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச எண்ணிக்கை) சேரக்கூடாது என்று ஜனநாயகக் கட்சியின் 14 செனட்டர்கள் இல்லினாய்ஸுக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்கள். கடைசியில் மார்ச் 11 அன்று ஆளுநர் கையெழுத்துப் போட்டார். அதுதான் எல்லோரும் 'ஆக்ட் 10' என்கிற சட்டம். பெரும்பாலான காவல்துறையினருக்கும் தீயணைப்பு வீரர்களுக்கும் விலக்கு கொடுத்துவிட்டு, மற்ற அரசு ஊழியர் யூனியன்கள் எல்லாவற்றுக்கும் ஆண்டுத் தேர்தல் என்று அதில் எழுதினார்கள்.

சட்டத்தை ஆதரிப்பவர்கள் சொல்லும் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு யூனியனை 1970களில் ஓட்டுப் போட்டுக் கொண்டுவந்தவர்கள் எல்லோரும் ஓய்வு பெற்றுவிட்டார்கள். இன்று வேலை செய்பவரிடம் "இது உங்களுக்கு வேண்டுமா?" என்று யாரும் கேட்டதே இல்லை. அவ்வப்போது கேட்க வேண்டாமா என்கிறார்கள். இந்த வாதத்தில் சாரமில்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஐந்து வருடத்துக்கு ஒரு முறை, விழுந்த ஓட்டில் பெரும்பான்மை என்று எழுதியிருந்தால் நானே ஒத்துக்கொண்டிருப்பேன். ஆண்டுதோறும், அதுவும் மொத்தத் தலைக்கணக்கில் 51 என்பது வேறு விஷயம். அந்த அளவுகோலை வைத்து அளந்தால் அந்தச் சட்டத்தில் கையெழுத்திட்ட ஆளுநரே தேறியிருக்க மாட்டார். 2010ல் அவர் பெற்றது விழுந்த ஓட்டில் 52 சதவீதம். ஓட்டுச் சாவடிக்கு வராதவர்களை அவருக்கு எதிராக யாரும் எண்ணவில்லை.

நீதிமன்றத்தில் இதையெல்லாம் சொல்லிப் பார்த்தாயிற்று. 2013ல் கூட்டரசு மேல்முறையீட்டு நீதிமன்றமும், 2014ல் மாநில உச்ச நீதிமன்றமும் சட்டத்தை நிலைநிறுத்தின. கூட்டுப் பேரம் என்பது அரசியலமைப்பு உரிமை இல்லை, சட்டமன்றம் கொடுத்த சலுகை. கொடுத்தவரே அதற்கு நிபந்தனை போடலாம் என்பது மாநில உச்ச நீதிமன்றத்தின் தர்க்கம். பிறகு 2024 டிசம்பர் 2 அன்று மேடிசன் இருக்கும் டேன் கவுன்ட்டியின் நீதிபதி ஒருவர் சட்டத்தின் பெரும்பகுதியைச் செல்லாது என்றார். சிலருக்கு விலக்கு, சிலருக்கு இல்லை என்ற பிரிவினைக்கு நியாயமான அடிப்படை இல்லை என்பது அவர் சொன்ன காரணம். நெடுஞ்சாலைக் காவலருக்கு விலக்கு உண்டு, தலைமைச் செயலகக் காவலருக்கு இல்லை என்பது போன்ற விநோதங்கள் அந்தச் சட்டத்தில் இருக்கின்றன. ஆனால் மேல்முறையீடு போனதும் அந்தத் தீர்ப்பு நிறுத்திவைக்கப்பட்டது. "அதுதான் கோர்ட்டில் அடிபட்டுவிட்டதே, ஓட்டு எதற்கு?" என்று ஸ்டாஃப் ரூமில் யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். மேல் நீதிமன்றம் முடிவாகச் சொல்லும்வரை பழைய விதி நடப்பில் இருப்பதாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

தேர்தல் எப்படி நடக்கிறது என்றால், நடத்துவது விஸ்கான்சின் வேலைவாய்ப்பு உறவுகள் ஆணையம். தேர்தல் வேண்டும் என்று யூனியன் செப்டம்பர் 15 மாலை நாலரை மணிக்குள் மனுவும் கட்டணமும் கொடுத்திருக்க வேண்டும். பள்ளி ஊழியர்களுக்கு டிசம்பர் 1க்குள் ஓட்டு முடிந்துவிட வேண்டும் என்பதால் நவம்பரில் சுமார் மூன்று வாரம் ஓட்டுப் பதிவு நடக்கும். நகராட்சி, கவுன்ட்டி ஊழியர்களுக்கு மே 1 கெடு. அவர்கள் ஆரவாரம் வசந்த காலத்தில்.

இந்த நாலரை மணி விஷயத்தில் ஒரு கதை உண்டு. 2014ல் மாநில அரசு வழக்கறிஞர்களின் சங்கம் அந்தக் கெடுவைக் கோட்டைவிட்டது. ஆமாம், கெடு தவறினால் என்ன ஆகும் என்று நீதிமன்றத்தில் அன்றாடம் வாதாடுகிற அதே வழக்கறிஞர்கள். ஆணையம் அங்கீகாரத்தை எடுத்துவிட்டது. மேல்முறையீட்டு நீதிமன்றம் சங்கத்துக்குச் சாதகமாகச் சொல்லியும், 2018ல் மாநில உச்ச நீதிமன்றம் ஆணையத்தின் பக்கமே நின்றது. கெடு என்றால் கெடுதான். தேர்தலே நடக்காமல் ஒரு யூனியன் இப்படியும் போகலாம். உங்கள் யூனியன் மனுக் கொடுத்திருக்கிறதா என்பதை ஆணையத்தின் தளத்தில் பார்த்துக்கொள்ளலாம். தேர்தல் அறிவிப்பு உங்கள் பள்ளியிலும் ஒட்டப்பட்டிருக்கும். ஜெராக்ஸ் மெஷின் பக்கத்து போர்டை ஒரு தடவை பாருங்கள், அங்கே நாம் யாரும் எதையும் படிப்பதில்லை.

அந்த அறிவிப்பில் தொலைபேசி எண், இணைய முகவரி, தேதிகள் எல்லாம் இருக்கும். அதில் உள்ள எண்ணைத்தான் கூப்பிட வேண்டும். "உங்களுக்காக நான் போட்டுத் தருகிறேன், விவரம் கொடுங்கள்" என்று யார் கேட்டாலும், அவர் எந்தப் பக்கத்தவர் ஆனாலும், கொடுக்க வேண்டாம். கேள்வி ஒன்றுதான் இருக்கும்: இந்த யூனியன் உங்கள் சார்பில் தொடர்ந்து பேச வேண்டுமா, வேண்டாமா.

உங்கள் அப்பாவுக்கு இது விசித்திரமாகத் தோன்றும். ரயில்வேயில் அங்கீகாரத் தேர்தல் என்றால் கொடி, சின்னம், வாயில் கூட்டம், ஒன்றுக்கு மேற்பட்ட சங்கங்கள் மோதுவது, ஓட்டு எண்ணி முடிக்கும்வரை தூங்காமல் இருப்பது. 2007, 2013 என்று நடந்து, பிறகு 11 வருடம் கழித்து 2024 டிசம்பரில்தான் மறுபடி நடந்தது. அங்கே ஒரு சங்கம் போனால் இன்னொன்று வரும். இங்கே பெரும்பாலும் போட்டியாளரே கிடையாது. யூனியனுக்கு எதிரே நிற்பது காலி நாற்காலி. அந்த நாற்காலி ஜெயித்துவிட்டால் பேச ஆளே இல்லை. பொன்மலை சங்கத் திடலில் கூட்டம் கேட்டு வளர்ந்தவரிடம், "அப்பா, இங்கே சும்மா இருந்தாலே எதிராக ஓட்டுப் போட்டதாகிவிடும்" என்று சொல்லிப் பாருங்கள். அவர் போடும் சத்தம் இன்னும் கொஞ்சம் கூடும்.

பிரின்சிபால் விஷயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் சிரித்துக்கொண்டு கேட்டிருக்கலாம், கெட்ட எண்ணம் இல்லாமலும் இருக்கலாம். ஆனால் மேலதிகாரி கேட்கும் கேள்விக்கு எடை வேறு. ஊழியர்களின் இந்த உரிமையில் நிர்வாகம் குறுக்கிடுவதோ மிரட்டுவதோ மாநிலச் சட்டப்படி தடை செய்யப்பட்ட செயல். ஒரு வருடத்துக்குள் ஆணையத்திடம் புகார் கொடுக்கலாம். ஒரு தடவை சிரித்துக் கேட்டதற்கெல்லாம் புகார் என்று ஓட வேண்டாம். தேதி, இடம், சொன்ன வார்த்தை, பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பதை வீட்டுக்கு வந்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பள்ளி மின்னஞ்சலில் எழுதாதீர்கள். இரண்டாவது தடவை கேட்டால், "அது ரகசிய ஓட்டு இல்லையா? நான் இன்னும் யோசிக்கவில்லை" என்று நீங்களும் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். பதில் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. அதே தடை யூனியனுக்கும் உண்டு. வந்து கேட்கலாம், கெஞ்சலாம். மிரட்டக் கூடாது.

நீங்கள் என்ன போட்டீர்கள் என்று பிரின்சிபாலுக்குத் தெரியாது, யூனியனுக்கும் தெரியாது. போட்டீர்களா இல்லையா என்பதைக்கூட ஓட்டுப் பதிவு நடக்கும்போது ஆணையம் வெளியே சொல்வதில்லை. 2015 தேர்தலின்போது மேடிசன் ஆசிரியர் யூனியன், இதுவரை யார் யார் ஓட்டுப் போட்டிருக்கிறார்கள் என்ற பட்டியலைக் கேட்டது. போடாதவர்களைத் தேடிப் பிடித்து நினைவூட்டத்தான். ஆணையம் மறுத்தது. வழக்கு மாநில உச்ச நீதிமன்றம்வரை போய், பட்டியல் கொடுத்தால் வாக்காளர்மேல் அழுத்தம் வரலாம் என்று 2018ல் ஆணையத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. அந்தத் தீர்ப்பு எனக்கு முழுக்க உடன்பாடானது இல்லை. நம் ஊரில் பூத் ஏஜெண்ட் மத்தியானமே "உங்கள் தெருவில் இன்னும் ஒன்பது ஓட்டு வரவில்லை" என்று கணக்குச் சொல்வாரே, அந்தச் சாதாரண வேலையைத்தான் அவர்கள் கேட்டார்கள். வராதவரை எதிரியாக எண்ணும் ஒரு தேர்தலில், வராதவர் யார் என்று தெரிந்துகொள்ளக் கூடாது என்றால் எப்படி? ஆனால் உங்களைப் போல் தயங்கி நிற்பவருக்கு அந்தத் தீர்ப்பு ஒரு பாதுகாப்புதான். நவம்பர் முழுக்க யாருக்கும் எதுவும் தெரியாது.

யூனியன் தோற்றால் உங்களுக்கு என்ன போகும்? நீங்கள் நேராகக் கேட்கவில்லை. ஆனால் முடிவெடுக்க இதுதான் தேவை. அங்கீகாரம் போனால் டிஸ்ட்ரிக்ட் அந்த யூனியனோடு பேரம் பேச வேண்டிய கடமை முடிந்துவிடும். ஏறக்குறைய அதே பிரிவுக்கு 12 மாதம்வரை வேறு எந்த யூனியனும் அங்கீகாரம் பெற முடியாது. சங்கம் கலைந்துவிடாது. உறுப்பினர் இருக்கலாம், கூட்டம் போடலாம், டிஸ்ட்ரிக்டை நிர்வகிக்கும் ஸ்கூல் போர்டு கூட்டத்தில் போய்ப் பேசலாம். மேஜைக்கு எதிரே உட்கார்ந்து ஒப்பந்தம் போட முடியாது, அவ்வளவுதான். வேலை நீக்கம், ஒழுங்கு நடவடிக்கை, பணியிடப் பாதுகாப்பு ஆகியவை குறித்து முறையிட ஒவ்வொரு டிஸ்ட்ரிக்டும் ஒரு வழிமுறை வைத்திருக்க வேண்டும் என்று அதே ஆக்ட் 10 சொல்கிறது. நடுநிலையான ஒரு விசாரணை அதிகாரி, அதற்குமேல் போர்டிடம் முறையீடு. அது யூனியன் இருந்தாலும் போனாலும் உண்டு. உங்கள் ஊழியர் கையேட்டில் தேடிப் பாருங்கள்.

இப்போது பேரம் பேச மிச்சம் இருப்பதே அடிப்படை ஊதியம் ஒன்றுதான். விடுப்பு, வேலை நேரம், வகுப்பில் எத்தனை பிள்ளைகள், மருத்துவக் காப்பீடு என்று எதையும் பேரம் பேச முடியாது. அடிப்படை ஊதியத்திலும் விலைவாசிக் குறியீடு ஏறிய அளவுக்கு மேல் கேட்க வேண்டுமானால் ஊர் மக்களிடம் பொது வாக்கெடுப்பு நடத்த வேண்டும். பல யூனியன்கள் "இந்த ஒரு வாய்ச் சோற்றுக்கு ஆண்டுதோறும் இத்தனை ஓட்டமா?" என்று மனுப் போடுவதையே நிறுத்திவிட்டதும் இதனால்தான். மாநிலத்தில் யூனியன் உறுப்பினர் விகிதம் 2010ல் 14.2 சதவீதமாக இருந்தது, 2023ல் 7.4.

விலைவாசி சோம்பிக் கிடந்த காலத்தில் அந்தக் கணக்கு சரிதான் என்று நானும் நினைத்தேன். ஆனால் விலைவாசி எகிறியபோது நிலைமை மாறியது. 2023 ஜூலையில் தொடங்கிய ஒப்பந்தங்களுக்கு உச்சவரம்பு 8 சதவீதம். அடுத்த வருடம் 4.12, 2025க்கு 2.95. இந்த எண் உச்சவரம்புதான், அவ்வளவு கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டத்தில் இல்லை. டிஸ்ட்ரிக்ட் 2 சதவீதம் என்று ஆரம்பிக்கும், யூனியன் முழு எட்டையும் கேட்கும், நடுவில் எங்கோ முடியும். யூனியன் இல்லாத பிரிவில் போர்டு சொல்வதுதான் எண். மணிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் பாராக்களுக்கு இந்த இரண்டு மூன்று சதவீதம் ஆசிரியர்களைவிடக் கூடுதலாக உறைக்கும். உங்கள் யூனியன் கடந்த மூன்று வருடத்தில் எத்தனை சதவீதம் கேட்டது, எத்தனை வாங்கியது என்று அடுத்த தடவை வரும் அந்த அம்மாவிடம் கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்த யூனியனா இல்லையா என்பதிலேயே உங்களுக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

எதற்குப் போடு என்று நான் சொல்லப்போவதில்லை. வேண்டும் என்று முடிவெடுத்தால், முதல் வாரத்திலேயே போட்டுவிடுங்கள். கடைசி நாள் என்று தள்ளினால் மறந்துபோகும், மறந்தால் என்ன ஆகும் என்று மேலே பார்த்தோம். போட முயன்று, பட்டியலில் பெயர் இல்லை என்று வந்தால் உடனே அந்த அறிவிப்பில் உள்ள ஆணையத்தின் எண்ணுக்குப் பேசுங்கள். அப்படியே பேசாமல் விட்டுவிடாதீர்கள். வேண்டாம் என்று முடிவெடுத்தால் நீங்கள் போனைத் தொடக்கூட வேண்டாம். எதிர்ப்பவருக்கு இந்தச் சட்டம் அவ்வளவு சௌகரியம் செய்து கொடுத்திருக்கிறது.

நீங்கள் கேட்காத ஒன்று. உங்கள் கடிதத்தில் நியூ ஜெர்சி என்று பார்த்தேன். அங்கே 2018லிருந்து ஓட்டுநர் உரிமம் எடுக்கும் அலுவலகத்திலேயே வாக்காளர் பதிவும் சேர்ந்து நடக்கிறது. கவனிக்காமல் கையெழுத்துப் போட்டு, குடிமக்கள் அல்லாதவர்கள் பெயர் வாக்காளர் பட்டியலில் ஏறிவிடுவது உண்டு. குடியுரிமை விண்ணப்பத்தில், எப்போதாவது வாக்காளராகப் பதிவு செய்தீர்களா, அரசுத் தேர்தலில் ஓட்டுப் போட்டீர்களா என்ற கேள்வி வரும். யூனியன் ஓட்டு அந்தக் கேள்விக்குள் வராது. ஆனால் நியூ ஜெர்சியில் உங்கள் பெயர் ஏறியிருந்தால் அது வரும். அந்த மாநிலத்தின் வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயரையும் கணவர் பெயரையும் தேடிப் பாருங்கள். இருந்தால், விண்ணப்பத்தில் கை வைப்பதற்கு முன் குடிவரவு வழக்கறிஞர் ஒருவரைப் போய்ப் பாருங்கள். அந்த வேலை என்னுடையது இல்லை, இந்தப் பத்தியில் தீர்வதும் இல்லை.